பெரியாக்களின் நாற்பது நம்பர்

காலிதீனை ஊரில் எல்லோரும் இஞ்சினியர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் இஞ்சினியர் அல்ல. டிப்ளோமா முடித்த தொழில்நுட்ப உத்தியோகத்தர். கல்முனையில் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் பிராந்திய நிலையத்தில் பத்தொன்பது வருட சேவை. அந்தப் பத்தொன்பது வருடத்தில் தன்னை அப்படிக் கூப்பிட்ட எவரையும் அவர் திருத்தியதாகத் தகவல் இல்லை.

பிறந்தது மாவடிப்பள்ளி. கலியாணம் முடித்ததும் இந்தக் கிழக்குக் கரையின் வழக்கப்படி பெண் வீட்டார் கட்டிக்கொடுத்த வீட்டுக்குக் குடிவந்தார். அடுத்த வளவில் மாமனார் பக்கீர் முகைதீன் ஹாஜியார். அரிசி ஆலைக்காரர், பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒரு கதிரை வைத்திருப்பவர். இரண்டு வளவுக்கும் நடுவில் வேலி கிடையாது. காலிதீனின் தொழில் வாழ்க்கை முழுவதையும் தீர்மானித்தது இந்த வேலியின்மைதான்.

நிறுவனத்துக்கு ஒரு முறைப்பாட்டு எண் உண்டு. ஊரின் பெரியாக்கள் அதை அழைப்பதில்லை. தங்கள் போன் அறுந்தால் பக்கீர் ஹாஜியாரைப் பிடிப்பார்கள். அவர் காலைத் தேநீர்க் கோப்பையோடு வளவைக் கடந்து வருவார்.

"மறுமகன், ட்ரஸ்டி ஹாஜியார்ட போன் நேத்து அஸர் தொழுகைக்குப் பொறகு வேல செய்யல்லியாம். ஊருக்கு முன்னால என்னக் கேக்காரு."

"பாக்கன் மாமா."

"பாக்கன் பாக்கனெண்டு போன மாசமும் சொன்ன."

இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டதில் ஒரு பட்டியல் உண்டாயிற்று. ட்ரஸ்டிமார், ஆலைக்காரர்கள், இரும்புக்கடை முதலாளி, இரண்டு சட்டத்தரணிகள், ஓர் அரசியல்வாதியின் சாரதி. நாற்பது பேர். எல்லாம் ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வரும் ஆடம்பர நம்பர்கள். எல்லாம் ஒரே பழைய தொடர். நிலையத்தில் என்ன திருத்தம் செய்தாலும் காலிதீன் இந்த நாற்பதைத்தான் சோதிப்பார். நாற்பதும் வேலை செய்தால் கருவி வேலை செய்கிறது. மாமா தேநீரோடு வரமாட்டார். தொலைத்தொடர்பு விஞ்ஞானத்துக்குக் காலிதீன் கொடுத்த ஒரே கொடை இது. அதை லெமினேற் செய்து சுவரில் ஒட்டியிருந்தார்.

இந்த வருடம் பெப்ரவரியில் சிக்னலிங் கருவியின் மென்பொருளைப் புதுப்பிக்கும் வேலை அவரிடம் வந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு குறுஞ்செய்தி இங்கே வரும்போது அதனிடம் இருப்பது ஒரு நம்பர் மட்டும். அந்த நம்பர்க்காரரின் விபரம் எந்த இயந்திரத்தில் கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது. சிக்னலிங் கருவிதான் நம்பரைப் பார்த்து, இன்ன இயந்திரத்துக்குப் போ என்று முகவரியாக மாற்றிக் கொடுக்கும். அப்படி மாற்றுவதற்கு அதனுள் ஓர் அட்டவணை இருக்கிறது. பழைய அட்டவணையில் ஒவ்வொரு நம்பர்த் தொடருக்கும் ஒரு வரி. புதியது கெட்டிக்காரத்தனமானது. ஒரே இடத்துக்குப் போகும் பத்துத் தொடர்களை ஒரு வரியில் அடக்கலாம். வேண்டுமென்றால் முழு நம்பரையும் படித்து, ஒரே ஓர் ஆளுக்கென்று தனி வரியும் போடலாம்.

அடக்கும் வேலை காலிதீனுக்குப் பிடித்துவிட்டது. நானூற்றுப் பன்னிரண்டு வரிகளை அறுபதாக்கினார். பக்கத்தில் பக்கத்தில் கிடந்தவற்றையெல்லாம் ஒன்றாக்கினார். அதில் ஒரு தொடர் வேறு இயந்திரத்தைச் சேர்ந்தது. சுனாமியில் வீடிழந்தவர்களுக்கு வயல் பக்கமாகக் கட்டிய வீட்டுத் திட்டத்தில், சாவியோடு வீட்டுக்கொன்றாகக் கொடுத்த சிம்களின் தொடர். அந்த வரி எங்கே போகிறது என்று வாசித்துப் பார்க்க அரை நிமிடம் போதும். அவர் வாசிக்கவில்லை. நாற்பது நம்பருக்கும் வெளிநாட்டிலிருந்து சோதனைச் செய்தி அனுப்ப வைத்தார். நாற்பதும் போய்ச் சேர்ந்தன. "குறைபாடு எதுவுமின்றிப் பூர்த்தி" என்று கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை போனது.

திட்டத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். உள்ளூர் அழைப்புகளுக்கு வேறு வழி, ஆகவே போன்கள் உயிரோடுதான் இருந்தன. வெளிநாட்டிலிருந்து வருவது மட்டும் நின்றுபோனது. வட்ஸ்அப் இல்லாத உம்மாக்கள், மகன் மறந்துவிட்டான் என்று ஒன்பது நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் திட்டத்தில் வளர்ந்தவள் ஆகிலா. கல்முனையில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுத்துச் சோதிக்கும் வேலை. கட்டாரில் ஒரு மருத்துவமனை அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஏற்றுக்கொள்கிறேன் என்று உறுதிப்படுத்த வேண்டியது மட்டும் பாக்கி. அதற்கு ஆறு இலக்கக் குறியீடொன்று அவள் பதிந்து கொடுத்த நம்பருக்கு வரும். கடைசி நேரம் வியாழன் பின்னேரம் நான்கு மணி. தவறினால் இடம் அடுத்தவருக்கு.

குறியீடு வரவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் நிலையத்துக்கு வந்தாள். முன்மேசையில் இருந்த செசிலி, இருபத்தைந்து வருடமாக முறைப்பாடு கேட்டுக் கேட்டுக் களைத்த மனுசி, உள்ளே திரும்பி இஞ்சினியரைக் கூப்பிட்டாள்.

"போன ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க தங்கச்சி," என்றார் காலிதீன்.

"பண்ணின."

"சிம்மக் கழட்டித் தொடச்சிப் போடுங்க."

"அதும் செஞ்ச."

"அப்ப போன் பழசு."

"போன மாசம்தான் வாங்கின."

"அதான். இப்ப வாற போனெல்லாம் இப்பிடித்தான்."

பழையதாக இருந்தாலும் குற்றம், புதியதாக இருந்தாலும் குற்றம். செசிலி தலையைக் குனிந்து எதையோ எழுதுவதுபோல் இருந்தாள்.

புதன்கிழமை ஆகிலா ஒரு தாளோடு வந்தாள். கட்டாரில் இருக்கும் மச்சானை வைத்துத் திட்டத்தின் முப்பத்தொரு நம்பர்களுக்குச் செய்தி அனுப்பிப் பார்த்திருந்தாள். ஒன்றுக்கும் வரவில்லை. திட்டத்துக்கு வெளியே பன்னிரண்டு நம்பர், பன்னிரண்டுக்கும் வந்தது. ஆய்வுகூட அறிக்கைபோலக் கோடு கிழித்து எழுதியிருந்தாள். கொழும்பில் யாராவது கண்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும்.

காலிதீன் தாளைத் தொடவில்லை. "நாங்க சோதிச்சம். நாப்பதுக்கு நாப்பது."

"எந்த நாப்பது?"

அவர் பெருமையோடு சுவரைக் காட்டினார். அவள் பக்கத்தில் போய் வாசித்தாள்.

"இதுல எங்கட திட்டத்து நம்பர் ஒண்டும் இல்லியே."

"தேவல்ல. எல்லாம் ஒரே டேபிள்தான்."

"சுகமான நாப்பது பேர்ட ரெத்தத்தச் சோதிச்சிப்போட்டு, ஊருல நோயில்லண்டு எழுதுற மாதிரி இரிக்கி."

"இது ரெத்தமில்ல தங்கச்சி. டெலிகொம்."

"ஓம். ரெத்தமெண்டா எங்கள வேலய உட்டு நிப்பாட்டிருப்பாங்க."

செசிலி இந்த முறை சிரிப்பை மறைக்கவில்லை. காலிதீன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே குளிரூட்டி இருந்தது.

வியாழன் காலை ஆகிலா வேலைக்குப் போனாள். மாதம் ஒரு தடவை வெறும் வயிற்றோடு சீனி சோதிக்க வருகிறவர்கள் வரிசையில் இருந்தார்கள். மூன்றாவது ஆள் பக்கீர் முகைதீன் ஹாஜியார். அவர் ஊசிக்குப் பயந்தவர். சட்டைக் கையை மடித்து, முகத்தைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டார். அவள் நரம்பைத் தேடியபடியே கதையைச் சொல்லத் தொடங்கினாள். குறியீடு, நான்கு மணி, முப்பத்தொரு நம்பர், சுவரில் ஒட்டிய பட்டியல்.

"ஆர்ட வேல இது?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"உங்கட மறுமகன்ட."

"கெதியா எடு மகள். எடுத்திட்டு என்ட போனத் தா."

கையில் பஞ்சை அமர்த்திக்கொண்டு அங்கேயே இருந்து பேசினார். முறைப்பாடு சரியான வழியால் போய்ச் சேர்ந்தது.

"மறுமகன், ஒரு பிள்ளட தொழில் போகப்போவுது. நாலு மணிக்கு முதல் செய்யாட்டி ராவைக்கி நான் ஊட்ட வாறன்."

காலிதீன் அட்டவணையைத் திறந்தார். பிழை ஒரு நிமிடத்தில் தெரிந்தது. அவர் முட்டாள் அல்ல, அதுதான் வெட்கக்கேடு. அந்தத் தொடருக்கு ஒரே ஒரு வரி போட்டால் இருநூற்றுப் பன்னிரண்டு வீடும் திரும்பக் கிடைக்கும். ஆனால் தொடருக்கு வரி போடுவது திருத்தம். திருத்தம் என்றால் கொழும்புக்கு இன்னோர் அறிக்கை, "குறைபாடு எதுவுமின்றி" என்ற முதல் அறிக்கை பொய் என்று. தனி ஓர் ஆளின் நம்பருக்கு வரி போடுவது திருத்தம் அல்ல. அதன் பெயர் வாடிக்கையாளர் வேண்டுகோள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

மூன்று இருபதுக்கு அவர் ஆகிலாவின் நம்பரை மட்டும் போட்டார்.

மூன்று முப்பத்தொன்றுக்குக் குறியீடு வந்தது. அவள் நிலையத்தின் முன்மேசையருகே நின்றபடியே இலக்கங்களை அழுத்தினாள். உறுதியாகிவிட்டது என்று திரை சொன்னதும் போனை மேசையில் வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மத்த ஆக்கள்ட?" என்று கேட்டாள்.

"அவங்க முறைப்பாடு ஒண்டும் தரல்லியே," என்றார் காலிதீன். "தந்தா ஒவ்வொண்டாப் பாப்பம்."

தன் வேலை முடிந்தது என்று அவள் போயிருக்கலாம். ஆனால் கேட்டால் எல்லோருக்கும் செய்து தருவதாக அவரே வாயால் சொல்லிவிட்டார். செசிலி லாச்சியைத் திறந்து வேண்டுகோள் படிவக் கட்டை முழுதாக எடுத்து மேசையில் வைத்தாள்.

"கொண்டு போங்க மகள். காணாட்டி இன்னும் அடிச்சித் தாறன்."

சனிக்கிழமை காலை நிலையத்தின் வாசலில் அறுபது பேர் நின்றார்கள். ஆளுக்கொரு படிவம். திங்கள் இன்னும் எழுபது. காலிதீன் ஒவ்வொரு நம்பராகத் தட்டினார். ஒரு வரியை எழுத மனமில்லாத மனிதர் இருநூறு வரி எழுதிக்கொண்டிருந்தார். விரல் வீங்கியதாகச் சொன்னார். பக்கீர் ஹாஜியார் பள்ளிவாசலில், மறுமகன் ஏழைகளை ஒவ்வோர் ஆளாகக் கவனிக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பயணத்துக்கு முதல் நாள் ஆகிலா கடைசி மூன்று படிவங்களோடு வந்தாள். மூன்றும் படுக்கையில் கிடக்கும் வயதாளிகளுடையவை. கையொப்பம் இல்லை.

"ஒப்பம் இல்லாம ஏலா," என்றார் காலிதீன்.

"அவங்களுக்கு எழும்ப ஏலா."

"அப்ப கைநாட்டு எடுத்திட்டு வாங்க."

செசிலி தன் மேசையிலிருந்த முத்திரை மைப்பெட்டியை மூடியோடு நீட்டினாள். ஆகிலா அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, வயல் பக்கமாகப் போகும் முச்சக்கர வண்டியைக் கைகாட்டி நிறுத்தினாள். உள்ளே காலிதீன் நூற்றுத் தொண்ணூற்றெட்டாவது நம்பரைத் தட்டிக்கொண்டிருந்தார்.