நாலாவது பிளக்

சிவப்பு விளக்கில் நின்றால்தான் கார் இருமும். ஓடும்போது ஒன்றும் தெரியாது. நின்றதும் ஸ்டியரிங் லேசாக நடுங்கும். தொண்டையைக் கனைப்பதுபோல ஒரு சத்தம் வரும். அப்புறம் ஒரு மூச்சு விட்டுப்போகும். பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பார்ப்பான்.

"இதுக்கு ஏதாவது கஷாயம் வெச்சுக் குடுடா," என்றாள் அக்கா. கண் பரிசோதனைக்கு அவளை அவன் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். "ஒருநாள் நடுரோட்டுல காலை நீட்டிப் படுத்துக்கப் போகுது. தள்ளுறதுக்கு நான்தான் கிடைச்சேனா?"

"பிளக் மாத்தணும்க்கா. அவ்வளவுதான்."

"அப்ப மாத்துடா."

"வாங்கி வெச்சிருக்கேன்."

அக்கா டாஷ்போர்டில் இருந்த சின்ன அறையைத் திறந்தாள். நாலு ஸ்பார்க் பிளக் டப்பாக்கள். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. அவற்றின்மேல் ஒரு சாண் நீளக் கறுப்பு ரப்பர் குழாய். அக்கா எல்லாவற்றையும் பார்த்தாள், மூடினாள்.

"ஓ," என்றாள். "உன் மகராணி வந்துதான் திறப்பு விழாவா?"

அவன் விளக்கு மாறக் காத்திருந்தான்.

ரொட்டிக்கூடத்தில் மாவு பிசைகிறவன் அவன். கையை விரித்தால் தட்டு மாதிரி இருக்கும். கூட வேலை செய்கிறவர்கள் துடுப்பு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கல்யாணமான புதிதில் அது மனைவியின் காதில் விழுந்தது. அன்றிலிருந்து வீட்டிலும் அதே பேர்தான், கொஞ்சம் மரியாதை சேர்த்து, துடுப்பாரே.

கார் அவளுடைய மாமா கொடுத்த பழைய வண்டி. முதல்முறை பிளக் மாற்றியபோது இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. முன்னாலிருக்கும் மூன்றும் பேசாமல் கழன்று வந்தன. நாலாவது இன்ஜின் பெட்டியின் பின்சுவரை ஒட்டி, ஒரு குழாய்க்குக் கீழே, ஒளிந்துகொண்டிருந்தது. அவன் கையை விட்டான். கை போயிற்று, வரவில்லை. அவள் பானெட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து, கடைசியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எழுந்துவந்து தன் கையை விட்டாள். அது தண்ணீருக்குள் மீன் போவதுபோலப் போயிற்று.

புது பிளக்கைக் கோணலாகத் திருகினால் உள்ளே திருகு மரை போய்விடும், மரை போனால் இன்ஜினே போனமாதிரிதான் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். அப்போது அவள் ஒரு கிளினிக்கில் வேலையிலிருந்தாள். வீணாய்ப்போன ஸ்டெதஸ்கோப்பிலிருந்து ஒரு துண்டு குழாய் வெட்டிவந்தாள். அதன் நுனியில் பிளக்கைச் செருகி, உள்ளே இறக்கி, விரலால் மெல்லச் சுழற்றினாள். கோணலாக இருந்தால் குழாய் வழுக்கிவிடும். நேராக இருந்தால் பிளக் தானாக ஏறும். தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு சுழற்றினாள். யாருடைய நெஞ்சையோ கேட்கிறவள்போல இருந்தாள்.

"மூணு உங்களுது, ஒண்ணு என்னுது," என்றாள். "இதுல வேற எவனும் கை வெக்கக்கூடாது."

அதன்பிறகு எப்போதும் அப்படித்தான். தெருமுனை மெக்கானிக் ஒருமுறை அவனிடம் பிளக் கழற்றுகிற மடங்கும் கம்பி ஒன்றைக் காட்டினான். கழுத்து திரும்புகிற கம்பி, எந்த மூலைக்கும் போகும். "இது ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா அண்ணியைத் தொந்தரவு பண்ண வேண்டாம்ண்ணே," என்றான். அவன் கம்பியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அதைப்பற்றி அவளிடம் சொல்லவில்லை.

அவள் வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனாள். முதல் விடுமுறைக்கு வந்தபோது பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் பானெட்டைத் திறந்தாள். அடுத்த விடுமுறை தள்ளிப்போயிற்று. அதற்கடுத்ததும் தள்ளிப்போயிற்று. கார் இரும ஆரம்பித்தது.

ரொட்டிக்கூடத்துக்குப் போகும் வழியில் மெக்கானிக் கடை. அவன் வண்டி வருவது சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

"பேஷண்ட் எப்படி இருக்காருண்ணே?"

"இருக்காரு."

"உள்ள விடுங்க. டீ ஆறதுக்குள்ள முடிச்சுடறேன்."

"வேணாம்ப்பா. வீட்லயே பாத்துக்கறேன்."

"இதையேதான் மழைக்கு முன்னாடியும் சொன்னீங்க. இப்படியே ஓட்டினா பெட்ரோலும் குடிக்கும், இன்ஜினையும் குடிக்கும். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

சனிக்கிழமை அவள் போனில் பேசினாள். அங்கே குளிர் என்றாள். ஒரு கிழவர் சாப்பிட மறுக்கிறார் என்றாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், போகிறபோக்கில் சொல்வதுபோலச் சொன்னான்.

"கார் இருமுது."

"ஐயையோ, மெக்கானிக்கிட்ட விட்டுட வேண்டியதுதானே?"



"நாலாவது இருக்கே," என்றான்.

"எந்த நாலாவது?"

அவளுக்குப் பின்னால் ஏதோ மணி அடித்தது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், அவனுக்குப் புரியாத மொழியில். அவள் அதே மொழியில் பதில் சொன்னாள், சிரித்துக்கொண்டே. பிறகு பேசறேன் என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை கடைக்கு நடந்துபோய் அந்த மடங்கும் கம்பியை இரவல் கேட்டான்.

"வண்டியைக் குடுங்கன்னா கம்பியைக் கேக்கறீங்க," என்றான் மெக்கானிக். ஆனாலும் எடுத்துக்கொடுத்தான். "இன்ஜின் ஆறினப்புறம் கை வெய்ங்க. சூட்டுல கழட்டினா மரை வந்துடும்."

மூன்றையும் வழக்கம்போல மாற்றினான். நாலாவதற்குக் கம்பியை இறக்கினான். அவள் முறுக்கிய முறுக்கு, இறுகிக் கிடந்தது. ஒரு கீச்சொலியோடு விட்டுக்கொடுத்தது. நுனி கரியாக இருந்தது. துணியில் துடைத்து, சட்டைப்பையில் போடப்போனவன், போடாமல் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்தான். குழாயில் புதியதைச் செருகி உள்ளே விட்டான். மூன்று முறை வழுக்கியது. நாலாம் முறை கண்ணை மூடிக்கொண்டான். ஏறியது.

சாவியைத் திருப்பினான். கார் இருமவில்லை. ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்க்கவேண்டியிருந்தது. அத்தனை அமைதி. அக்கா மாடி ஜன்னலில் தலையை நீட்டி, "அப்பாடா," என்றாள். "ஊருக்கே விமோசனம்."

அவன் ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்திருந்தான். எங்கும் போகத் தோன்றவில்லை.

போன் அடித்தது.

"துடுப்பாரே," என்றாள். மூச்சு வாங்கியது. "அந்தக் கிழவருக்குக் குழாய் வழியா சாப்பாடு குடுத்துட்டிருந்தேன். குழாயைப் பிடிச்சதும் ஞாபகம் வந்துடுச்சு. எந்த நாலாவதுன்னு கேட்டேனே, பாவி. தொட்டீங்களா அதை?"

அவன் சுவர்மேல் இருந்த பழைய பிளக்கைப் பார்த்தான்.

"இல்ல. மூணுதான்."

"அது என்னுது. விட்டு வெய்ங்க. நான் வந்து மாத்தறேன்."

"எப்ப?"

"வரேன்."

"சரி."

"ஸ்டெத் குழாய் இருக்கா?"

"இருக்கு."

"எலி கடிச்சுடப்போகுது. பத்திரம்."

அவள் வைத்துவிட்டாள்.

இன்ஜின் ஆறும்வரை படியில் உட்கார்ந்திருந்தான். பிறகு மறுபடியும் கம்பியை இறக்கினான். புது பிளக்கைக் கழற்றி, அதன் டப்பாவிலேயே போட்டு மூடினான். பழையதைக் குழாயில் செருகினான். இந்தத் தடவை அவசரத்தில் கையையும் உள்ளே விட்டான். விரல்முட்டி உரிந்து ரத்தம் வந்தது. விடவில்லை.

கம்பியைத் திருப்பிக் கொடுக்கக் காரிலேயே போனான். கடையை நெருங்கும்போது மெக்கானிக் கையிலிருந்த டீயோடு தெருவுக்கு வந்துவிட்டான்.

"என்னண்ணே, அதே சத்தம்? மாத்தலையா?"

"மாத்தினேன்ப்பா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும் மாத்தினேன்," என்றான். கம்பியை நீட்டினான்.

மெக்கானிக் அவன் கையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தான், காரைப் பார்த்தான். அப்புறம் கம்பியை வாங்கிக்கொண்டான்.

திரும்பும்போது சிவப்பு விளக்கு விழுந்தது. அவன் நிறுத்தினான். ரேடியோவை அணைத்தான். ஸ்டியரிங் லேசாக நடுங்கியது. காயம்பட்ட விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு, அடுத்த இருமலுக்காகக் காத்திருந்தான்.