தொண்ணூற்றொன்றுக்குக் கைதட்டியவன்

ஏழாம் வாய்ப்பாட்டைப் படிப்பதில்லை என்று நான்காம் வகுப்பில் ஒரு முடிவெடுத்தேன். அதற்காகப் பட்ட பாட்டில் பாதியைப் படிப்பில் பட்டிருந்தால் ஒரே மாலையில் வாய்ப்பாடு முடிந்திருக்கும். ஆனால் முடிவு முடிவுதானே.

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் பள்ளி. கணக்கு டீச்சர் வெள்ளிக்கிழமைதோறும் எங்களை வட்டமாக நிறுத்தி ஒரு விளையாட்டு நடத்துவார். ஒன்று, இரண்டு என்று ஆளுக்கோர் எண் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஏழாம் வாய்ப்பாட்டில் வரும் எண் யாரிடம் வருகிறதோ, அவர் வாயைத் திறக்காமல் கைதட்ட வேண்டும். முதலில் தவறுகிறவர் பக்கத்து மூன்றாம் வகுப்புக்குப் போய், அந்தப் பொடிசுகளோடு உட்கார்ந்து மணி அடிக்கும்வரை வாய்ப்பாடு சொல்ல வேண்டும்.

மூன்றாம் வகுப்பில் என் தங்கை இருந்தாள்.

ஒருமுறை போய் உட்கார்ந்தேன். அன்று மாலையே செய்தி அம்மாவிடமிருந்து அப்பாவுக்கும், அங்கிருந்து எதிர்வீட்டுக்கும், மறுநாள் தெருமுனை இஸ்திரிக்காரருக்கும் போய்விட்டது. சட்டை வாங்கப் போன என்னிடம் அவர், "இன்னா தம்பி, கீழ் கிளாஸுக்கு எறக்கிட்டாங்களாமே?" என்று அக்கறையாக விசாரித்தார். இனி ஒருமுறை அந்த பெஞ்சில் உட்கார்ந்தால் ஊரைவிட்டுப் போவது என்று தீர்மானித்தேன். பல்லாவரம் வரைக்குமாவது.

மொட்டைமாடியில் சோடா மூடிகளை அடுக்கினேன். வகுப்பில் முப்பத்தைந்து பேர், முப்பத்தைந்து மூடி. வட்டமாக வைத்து எண்ணி, ஒவ்வோர் ஏழாவது மூடியையும் கவிழ்த்தேன். இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று எண்ணினாலும் அதே மூடிகள்தான் மாட்டின. மற்றவை நிம்மதியாக இருந்தன. ஆக, நிற்கும் இடம் சரியாக இருந்தால் போதும், கைதட்டும் வேலையே வராது. துணி எடுக்க வந்த அப்பா, படிக்காமல் மூடி விளையாடுகிறேன் என்று காதைத் திருகினார். பொறுத்துக்கொண்டேன்.

அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் ஓடிப்போய் டீச்சருக்குப் பக்கத்தில் முதல் ஆளாக நின்றேன். ஒன்று, முப்பத்தாறு, எழுபத்தொன்று. மூன்றும் சாதுவான எண்கள். வாரக்கணக்கில் ராஜாவாக வாழ்ந்தேன்.

பிறகு மழை வந்தது. முடிச்சூர் அப்போது வயல்வெளி; நாலு நாள் அடித்துப் பெய்தால் வயல் எது, பாதை எது என்று தெரியாது. முடிச்சூர்ப் பிள்ளைகள் ஐந்து பேரும் வரவில்லை. நான் ஈரச் சட்டையோடு முதலிடத்தைப் பிடித்து, "ஒண்ணு" என்று கம்பீரமாகச் சொன்ன பிறகுதான் வட்டம் சின்னதாகத் தெரிந்தது. முப்பதே பேர்.

கண்ணை மூடி மூடிகளை நினைத்தேன். இருபத்தெட்டோடு ஏழு ஏழாக முடிந்துவிடும், மிச்சம் இரண்டு. அப்படியென்றால் சுற்றுக்கு இரண்டாக நான் ஏழை நெருங்குவேன். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. நான்காவது சுற்றில் தலைக்குமேல் கத்தி. அதற்குள் யாராவது தவற வேண்டும் என்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். வழக்கமாகத் தவறுகிறவர்கள் இருவரும் முடிச்சூர்க்காரர்கள். வீட்டில் பத்திரமாக இருந்தார்கள்.

கடைசியில் நின்ற கிளாஸ் லீடர் "தொண்ணூறு" என்றான். நான் கைதட்டினேன்.

வட்டம் முழுக்கச் சிரித்தது. "மிஸ், இவன் அவுட்டு. ஏழாம் வாய்ப்பாடு எம்பத்தினாலோட முடிஞ்சிடுச்சு" என்றான் லீடர்.

"தொண்ணூத்தொண்ணும் வரும் மிஸ்" என்றேன். தட்டிய கையைப் பிரிக்கவில்லை.

டீச்சர் பலகையில் எண்பத்துநான்கோடு ஏழைக் கூட்டினார். ஒரு கணம் பலகையைப் பார்த்தார், பிறகு என்னை. "வருதேடா. பதிமூணு வரைக்கும் தெரியுமா உனக்கு? அப்ப நீ போய் மூணாங்கிளாஸுக்குச் சொல்லிக் குடு."

ஜெயித்தவனும் அதே வகுப்புக்குத்தான் போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

போனேன். நாலேழு இருபத்தெட்டு, ஐயேழு முப்பத்தைந்து என்று மூடிகளின் தயவில் முழங்கினேன். விரலை மடக்கி ஏழேழு நாற்பத்தொன்பதையும் தாண்டினேன். எட்டேழு என்றதும் நின்றுவிட்டேன். நாற்பது தலைகள் என்னை நிமிர்ந்து பார்த்தன. முன் பெஞ்சில் என் தங்கை, விழாத பென்சிலை எடுக்கக் குனிந்தாள். "அம்பத்தாறு" என்று பெஞ்சுக்கடியிலிருந்து காற்றுபோல வந்தது.

அன்று மாலை வீட்டில், அண்ணன் எங்கள் வகுப்புக்குப் பாடம் நடத்தினான் என்று மட்டும் சொன்னாள். பெஞ்சுக்கடி விஷயம் வெளிவரவே இல்லை. இவள் இதை எதற்கோ வைத்திருக்கிறாள் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என் பங்கு முறுக்கைக் கொடுத்தேன், மின்சார ரயிலில் ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்தேன். ஏன் என்று கேட்காமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

முப்பத்தைந்து மூடியை வைத்து எத்தனையோ கண்டுபிடித்தவன், அவள் என்ன கேட்கப்போகிறாள் என்பதை மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். அவள் எதுவுமே கேட்கப்போவதில்லை என்பது என் எந்தச் சுற்றிலும் வரவில்லை.