நல்லதண்ணி ஒழுங்கையின் முதல் செம்பு

கலியாணம் முடிந்த அன்றே நான் ஒரு தெருவோடு சண்டை பிடித்தேன். பிடித்தது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

என் ஊரான சாம்பல்தீவில் தாலி ஏறியதும், ஒவ்வொரு இராணுவக் காவல் சென்றியாக இறங்கி ஏறி, ஊரடங்குக்கு முன்னம் போய்ச் சேர வேண்டுமே என்று அவசரமாக வந்தோம். துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த நல்லதண்ணி ஒழுங்கை என்ற சின்னத் தெருவின் முகப்பில் எங்கள் வான் வண்டி நின்றுவிட்டது. ஆரத்தித் தட்டோடு நிற்க வேண்டிய மாமியார், தெருவே சூழ்ந்து நிற்கக் கையை வீசிக் கத்திக்கொண்டிருந்தார்.

"என்ன நடந்தது?" என்று என் புது மனுசனைக் கேட்டேன்.

"உமக்குத் தண்ணி வார்க்க ஆளில்லையாம்" என்றார்.

அந்த ஒழுங்கைக்கு வாழவரும் பெண், முதல் வீட்டுக்காரி வார்க்கும் தண்ணீரைக் குடித்த பிறகுதான் உள்ளே கால் வைக்கலாமாம். அது என்ன முதல் வீடு? நாலு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அந்தக் காலத்தில் அம்மாள் வருத்தம், அதுதான் அம்மை நோய், பரவிய ஊரொன்றிலிருந்து புருசனும் பெண்சாதியும் ஒரு பாயோடும் பானையோடும் இங்கே ஓடிவந்தார்களாம். நோய் ஒட்டும் என்று பயந்து ஒருவரும் குடிக்கத் தண்ணீர் கொடுக்கவில்லை. வந்த ரோசத்தில் அந்த மனுசன் தானே ஒரு கிணறு வெட்டினார். சுற்றிவர எல்லாம் உவர்த் தண்ணீர், இவர் கிணற்றில் மட்டும் இளநீர் போல நல்ல தண்ணீர்! இல்லை என்றவர்களே குடத்தோடு வந்து நின்றார்கள். பெண்சாதி ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. கிணற்றைச் சுற்றி வீடுகள் வந்தன, ஒழுங்கை வந்தது. எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது.

ஆனால் அந்தக் குடும்பத்தின் கடைசிப் பெண் கனடாவுக்குப் போய்விட்டார். போகும்போது வீட்டைப் பூட்டித் திறக்கும் திறப்பை, திரியாயிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஓர் அக்காவிடம் கொடுத்து, அங்கேயே குடியிருக்கச் சொல்லியிருந்தார்.

"அப்ப அந்த அக்காவே வார்க்கலாம்தானே?"

மாமியார் குரலைத் தாழ்த்தினார். "அவளின்ரை மனுசனை ஆமி பிடிச்சுக்கொண்டு போய் ரெண்டு வருசம். இருக்கிறானோ இல்லையோ, ஆருக்குத் தெரியும்? நல்ல காரியத்துக்கு ஏலாது பிள்ளை."

தாழ்த்தியும் அது ஊருக்கே கேட்கிற குரல். முதல் வீட்டு வாசல் படலையடியில், நிறைந்த செம்போடு அந்த அக்கா ஆயத்தமாக நின்றிருந்தார். நெற்றியில் குங்குமம். மாமியார் சொன்னது காதில் விழுந்ததும் செம்பைக் கீழே வைத்தார். குங்குமத்தை அழிக்கக் கை மெல்ல நெற்றிக்குப் போனது.

எனக்கு வந்ததே கோபம்! அவர் வார்க்கக்கூடாது என்றால் அவருடைய மனுசன் செத்துவிட்டான் என்று இந்தத் தெரு தீர்ப்புச் சொல்கிறது. கூறைச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வானிலிருந்து குதித்தேன்.

"நில்லுங்கோ அக்கா! கையை எடுங்கோ! பிரேதத்தை ஆர் கண்டது? தண்ணி தரமாட்டம் எண்ட ஆக்களுக்கே தண்ணி குடுத்த வீடு அது. இப்ப அந்த வீட்டுக்காரிக்கே வார்க்க உரிமை இல்லையெண்டுறியளோ?"

"வந்து இறங்கேல்லை, வாயைப் பார்!" என்றது ஒரு குரல்.

"வாய் வறண்டுதான் போச்சு. அவ வார்த்தா வாறன். இல்லாட்டி வான் சாம்பல்தீவுக்குத் திரும்பும்."

"திரும்பினா நானும் போறன் அம்மா" என்றார் என் மனுசன். அந்த நிமிடமே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

யாரோ சிரித்தார்கள். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகி நின்றார். அக்கா செம்பை எடுத்து வந்தார். அவர் அவசரமாக வார்த்ததில் பாதித் தண்ணீர் என் சேலையில். மீதியைக் கையில் ஏந்திக் குடித்தேன். அடியம்மா, அப்படி ஒரு தண்ணீர்! பின்னாலிருந்து ஒருத்தி குரவையிட்டாள், மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பிறகு ஊரடங்குக்குப் பயந்து எல்லாரும் வீட்டுக்கு ஓடினோம்.

மாமியார் கனநாள் என்னோடு கதைக்கவே இல்லை. அடுத்த ஆவணியில் எதிர்வீட்டுக்கு மருமகள் வந்தாள். அக்காவின் மனுசனைப் பற்றி அதுவரை ஒரு தகவலும் இல்லை. வான் சத்தம் கேட்டதும் மாமியார் குசினிக்குள் வந்து, சமைத்துக்கொண்டிருந்த என் தோளைத் தட்டினார்.

"ஓடு பிள்ளை, முதல் வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு வா. குங்குமத்தை வடிவா வைச்சுக்கொண்டு வரச் சொல்லு."