தேத்தண்ணி கேட்ட பயங்கரவாதி

இரண்டாயிரத்து ஒன்பது வரையிலான என் நடிப்பு வாழ்க்கையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: மூன்று தரம் கடைக்காரன், இரண்டு தரம் டாக்ஸி ஓட்டுநர், ஒரு தரம் பிணம். பிணம்தான் என் உச்சம் என்பாள் மனைவி. வாயை மூடிக்கொண்டு கிடந்தேனாம்.

அந்த வருடம் ஒரு தொலைக்காட்சித் தொடரில் பயங்கரவாதி வேடம் கிடைத்தது. கதைப்பிரதியில் எனக்கு வசனம் இல்லை. 'தன் மொழியில் கத்துகிறான்' என்று மட்டும் இருந்தது. என்ன கத்துவது என்று இயக்குநரிடம் கேட்டேன். எதையாவது கத்துங்கள், யாருக்கு விளங்கப்போகிறது என்றார், அன்பாகத்தான். மனிதர் லண்டனில் எங்கள் சனம் நிறைந்த மிச்சம் பக்கம் ஒருநாளும் பஸ் ஏறியிருக்கமாட்டார் போலும்.

காலை ஏழு மணி முதல் பிளாஸ்டிக் துப்பாக்கியோடு குளிரில் நின்றவன் நான். கமரா ஓடத் தொடங்கியதும் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"விடியத் தொடக்கம் நிக்கிறன், ஒரு தேத்தண்ணி தர ஏலாதோடா உங்களுக்கு?"

உடம்பு சிலிர்த்துவிட்டது என்றார் இயக்குநர். தேநீர் மட்டும் வரவில்லை.

தொடர் ஒளிபரப்பாகி முடிய முன்னமே லண்டனின் அடுத்த மூலையான சட்டனிலிருந்து மனைவியின் அண்ணன் போன் எடுத்தார். "என்ன மச்சான், தேத்தண்ணி கிடைச்சுதோ?"

ஊர் சிரித்த சிரிப்பு இயக்குநரின் காதுக்கும் போய்விட்டது. மறுஒளிபரப்புக்கு முன் வந்து குரலை மாற்றிக் கொடுக்கச் சொன்னார். இம்முறை வசனமும் தந்தார்: 'உங்கள் எல்லாரையும் கொல்லுவேன்.' மாற்றினால் அடுத்த தொடரில் பெயருள்ள பாத்திரம். இல்லாவிட்டால் இனி அழைப்பு வராது.

செய்தியில் எங்கள் சனம் செத்துக்கொண்டிருந்த வருடம் அது. இருந்தும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆசை விடவில்லை.

"பெயருள்ள பாத்திரமாம்," என்றேன் மனைவியிடம்.

"என்ன பெயர்?"

"இன்னும் வைக்கேல்லையாம்."

"அப்ப பிணமாவே கிடவுங்கோ. கொல்லுவன் எண்டு தமிழில சொல்லிப்போட்டு இந்த வீட்டுக்கு வராதேங்கோ."

மறுத்துவிட்டேன். என் கத்தலின் மேல் ஹெலிகொப்டர் சத்தத்தைப் போட்டு மூடினார்கள். அழைப்புகளும் நின்றன. இங்கிலாந்தில் தேநீர் கேட்டு வேலை இழந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மூடிய வசனத்தை எங்கேயாவது திறக்க வேண்டாமா? நானே ஒரு நாடகம் எழுதினேன், நானே இயக்கினேன், வேறு ஆள் கிடைக்காததால் நானே நடித்தேன். கிங்ஸ்பரியில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். விளக்கு எரிந்ததும் அதே பிளாஸ்டிக் துப்பாக்கியோடு வந்து, அதே வசனத்தை, ஹெலிகொப்டருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

முன்வரிசையில் ஓர் அம்மா சாவகாசமாக எழுந்து, பிளாஸ்கைத் திறந்து ஊற்றி, மேடைக்கு நீட்டினார்.

"இந்தாங்கோ தம்பி. சீனி போட்டிருக்கு."

நாடகத்தை நிறுத்திவிட்டு முழுவதையும் குடித்தேன். இயக்குநர் நான்தானே, யார் கேட்பது?