கழுதைமேல் கொடுத்த முறைப்பாடு

என் மதத்தை அவமதித்துவிட்டார்கள் என்று வாழ்க்கையில் ஒரேயொரு முறை பொலிசுக்குப் போயிருக்கிறேன். அதுவும் ஒரு கழுதையால்.

குருத்து ஞாயிறு, இயேசு கழுதைமேல் ஏறி எருசலேமுக்கு வந்த நாள். பவனியில் ஓலையைப் பிடித்தபடி, கண்ணை மூடி, "ஓசன்னா" பாடிக்கொண்டு நடக்கிறேன். என் குரலில் எனக்கு நம்பிக்கை உண்டு. பக்கத்தில் நடப்பவர்களுக்கு இல்லை. மன்னாரில் தெருவெல்லாம் கழுதைகளுடையது. அதில் ஒன்று வந்து, பங்குச் சுவாமி மந்திரித்துத் தந்த ஓலையை என் கையிலிருந்தே ஆற அமரத் தின்று முடித்தது. நான் வெறும் ஈர்க்கைத் தூக்கிக்கொண்டு கோயில் வாசல்வரை பாடியிருக்கிறேன்.

அடுத்த வீட்டுத் தம்பி அதை வீடியோ எடுத்துவிட்டான். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்த சைவ சமயக்காரன். பேஸ்புக்கில் போட்டு, "ஆண்டவரைச் சுமந்த பரம்பரை, கூலி இன்றைக்குத்தான் கிடைத்தது" என்று எழுதியும் விட்டான். ஊரே சிரித்தது. எங்கள் சுவாமியும் சிரித்தாராம். எனக்கு மட்டும் மூக்குக்கு மேல் கோபம். மதத்தைப் புண்படுத்தினால் பிடிக்கச் சட்டம் இருக்கிறது, பிணைகூட லேசில் கிடைக்காது என்று யாரோ சொன்னார்கள். நல்லதாய்ப் போயிற்று என்று திங்கட்கிழமை காலையிலேயே புறப்பட்டேன்.

பொலிசில் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தது அதே தம்பி. என்னைக் கண்டதும் எழும்பி இடம் விட்டான்.

"வாங்கோ அண்ணை, இருங்கோ. நீங்களும் ரிப்போட்டுக்கோ?"

"என்ன ரிப்போட்?"

"கட்டாருக்குப் போறன் அண்ணை, வாகனம் ஓடுற றைவர் வேலை. என்னிலை ஒரு முறைப்பாடும் இல்லையெண்டு பொலிஸ் எழுதிக் குடுக்கோணும். அது இல்லாட்டி விசா இல்லை."

அதற்குள் சார்ஜன்ட் புத்தகத்தைத் திறந்து, "ஐயாவுக்கு யார் மேலே முறைப்பாடு?" என்றார். என் சட்டைப் பையில் அவன் பெயரெழுதிய முறைப்பாட்டுக் கடதாசி. எடுத்து நீட்டினால் போதும்.

"கழுதை" என்றேன். "தெருவிலை திரியிற கட்டாக்காலிக் கழுதை. கோயில் ஓலையைத் திண்டுபோட்டுது."

சார்ஜன்ட் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாட்சி இருக்கா?"

"நான் கண்டனான் சேர். வீடியோவும் இருக்கு" என்று தம்பி முன்னுக்கு வந்து கையெழுத்தும் வைத்தான்.

வீடு திரும்பும் வழியில் என்னால் பொறுக்க முடியவில்லை. கடதாசியை எடுத்து அவனிடமே கொடுத்தேன். படித்தான். அவன் முகத்தைச் சிரிப்பில்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மகளுக்குச் சொல்லிப்போட்டன் அண்ணை, போறனெண்டு."

வெட்கத்தில் குறுகிப்போனேன். ஆண்டவருக்கு அவமானம் என்று எழுதியிருந்தேன். அடிபட்டது என் பாட்டும் என் ரோசமும். கோயிலை உடைக்க வருபவனைப் பிடிக்கச் சட்டம் இருக்கட்டும். சிரித்தவனைப் பிடிக்கிற சட்டம் என்னைப்போன்ற கோபக்காரன் கையில் அகப்படக்கூடாது என்று இன்றைக்கும் சொல்வேன்.

"மன்னிச்சுக்கொள் தம்பி" என்றேன். சுவாமியிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட அப்படிப் பயந்து நின்றதில்லை.

அவன் கடதாசியை நாலாகக் கிழித்தான்.

"விடுங்கோ அண்ணை. இனிமேல் கண்ணைத் திறந்துகொண்டு கும்பிடுங்கோ."