கொட்டாரத்திலிருந்து வந்த மூன்று பேர்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஒரு நாள் முழுக்க என் சொந்த அத்தையை யாரென்றே தெரியாதது போல நடிக்க வேண்டியிருந்தது. நன்றாகவே நடித்தேன் என்று நெடுநாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அத்தை விலங்கியல் படித்தவள். வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு திட்டம் போட்டாள். ஆட்களை வேனில் ஏற்றி, காலையில் தேரூர் குளத்தில் பறவை காட்டி, மத்தியானம் திற்பரப்பு அருவியில் குளிக்க வைத்து, பொழுது சாயும் முன் கொண்டுவந்து விடுவது. நாகர்கோவிலில் நாலைந்து கடைகளில் நோட்டீஸும் ஒட்டினாள். வீட்டில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. குளத்தில் நிற்கிற கொக்கைப் பார்க்க எவன் வருவான் என்று பெரியப்பா கேட்டார். அவர்தான் அத்தைக்கு மூத்த அண்ணன். அவர் சொன்னால் சொன்னதுதான். கடைசியில் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்தார். முதல் பயணத்துக்கு வெளியாட்கள் வந்தால் அவள் இதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம். ஒருவரும் வராவிட்டால் இந்தப் பேச்சை விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வேண்டும்.

இரண்டு வாரம் ஒரு போன்கூட வரவில்லை. அத்தை சரியாகச் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். பிறகு ஒரு நாள் பெரியப்பாவே வந்து, கொட்டாரம் என்ற ஊரிலிருந்து மூன்று பேர் வருவதாகச் சொன்னார். நோட்டீஸைப் பார்த்துவிட்டுப் போனில் தன்னிடம் விசாரித்தார்களாம். அத்தை என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டாள்.

மூன்று பேருக்கு ஒரு வேனா, வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அடுத்த கவலை வந்துவிட்டது. மீதி இருக்கைகளில் பெரியப்பாவும் அப்பாவும் அம்மாவும் நானும் வேறு வேறு ஊர்க்காரர்கள் போல உட்கார வேண்டும் என்பது அவளுடைய யோசனை.

"ஏட்டி, அத்தைன்னு வாயில வரப்பிடாது. மேடம்னு கூப்பிடணும். யாராவது கேட்டா என்னைத் தெரியாதுன்னு சொல்லணும், கேட்டியா?"

வெயில் ஏறுமுன் தேரூர் குளத்தங்கரையில் நின்றோம். கூழைக்கடா தன் அலகுப் பையில் மீனை எப்படி அள்ளுகிறது என்று அத்தை கையை விரித்துக் காட்டினாள். பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு, "மேடம், இது எந்த நாட்டுப் பறவை?" என்று தன் தங்கையிடம் கேட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொட்டாரத்துக்காரர்கள் வயதான ஓர் அம்மா, அவருடைய மகள், மகன். மகன் மட்டும் பைனாகுலரை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த அம்மா குளத்தின் பக்கம் திரும்பவே இல்லை. அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு கவனமாகப் பாடம் கேட்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

திற்பரப்பில் அன்று நல்ல தண்ணீர். பிள்ளைகள் குளிக்கும் தொட்டியில் ஆட்டம் போட்டுவிட்டு நடுங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மக்கா, இந்த மேடத்துக்குக் கோவம் வருமா?"

"எனக்கு அவியளத் தெரியாது. இன்னைக்குத்தான் பாக்கேன்."

சொல்லி வாய் மூடவில்லை, அத்தை துண்டோடு ஓடிவந்தாள். "சளி பிடிச்சா ஆருட்டி பாக்கது?" என்று, வீட்டில் செய்வது போலவே என் தலையை அழுத்தித் துவட்டத் தொடங்கினாள். எனக்கு உயிரே போய்விட்டது. அத்தையின் தொழில் என்னால்தான் கெடப்போகிறது என்று பயந்து, அவசரமாக ஒன்று சொன்னேன்.

"டூர் வாறவிய எல்லாருக்கும் இவிய தலை துவட்டி விடுவாவ."

அந்த அம்மா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நம்பிவிட்டார் என்று நிம்மதியாக இருந்தது.

வெளியாட்கள் வந்துவிட்டதால் பெரியப்பாவால் பேச்சு மாற முடியவில்லை. அத்தை அடுத்த மாதமே போர்டு வைத்தாள். இன்று அவளிடம் சொந்தமாக இரண்டு வேன் இருக்கிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோதுதான் அம்மா இதைச் சொன்னாள். அந்த மூன்று பேரும் எந்த நோட்டீஸையும் பார்க்கவில்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அத்தை வீட்டிலேயே இருக்க மாட்டாள் என்பதால், பெரியப்பா மாப்பிள்ளை வீட்டாரை அப்படி வேனில் ஏற்றியிருக்கிறார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் முன்பே தெரியும். வேனில் ஊர் சுற்றுகிற பெண் தங்களுக்குச் சரிப்படாது என்று மறுவாரமே அவர்கள் சொல்லியனுப்பிவிட்டார்கள். அதைச் சொன்னால் முதல் பயணத்துக்கு வெளியாள் யாருமே வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவள் இருந்த சந்தோஷத்தில் அதைச் சொல்ல மனசு வராமல் பெரியப்பா எதையுமே சொல்லவில்லை.

ஆள் குறைந்த நாட்களில் இப்போதும் நான் வேனில் போய் உட்காருவதுண்டு. வந்தவர்களிடம் அத்தை தன் முதல் பயணத்தைப் பற்றிச் சொல்லுவாள்.

"முன்னபின்ன தெரியாத மூணு பேரு என்னை நம்பி வந்தாவ. அதுலதான் எனக்குத் தைரியமே வந்துச்சு. இந்தப் பிள்ளை அன்னைக்கு என்னமா நடிச்சா தெரியுமா?"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் சிரிப்பேன். அன்று அந்த வேனில் ஏமாந்தவர்கள் இரண்டே பேர், அத்தையும் நானும். எட்டு வயதில் எனக்கு அது தெரியவில்லை. இப்போது அத்தை மட்டும்தான் மிச்சம்.