வரவில்லை என்று நான் சொன்ன கடிதம்

ரிபான் மௌத்தான செய்தியை என்னிடம் யாரும் வந்து சொல்லவில்லை. சாய்ந்தமருதுப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், ஊரோடு ஊராகத்தான் கேட்டேன். இருதயம் நின்றுவிட்டதாம். இரண்டு தெரு தள்ளி இருந்தவன். இரண்டு வருடமாக நாங்கள் கதைக்கவில்லை என்பதால், எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

மருதமுனையில் இடுப்பில் கட்டும் கைத்தறிச் சாரம் வெளிநாட்டுக்கு அனுப்பும் அந்தச் சின்ன அலுவலகத்தில் எங்களோடு இருந்த உங்களுக்கு அவனைத் தெரியும். பழைய மின்னஞ்சல் ஒன்றைத் தேடி நாங்கள் மண்டையை உடைத்த காலத்தில், மூலநிரலை இறக்கி, கறுப்புத் திரையில் ஏதேதோ தட்டி, மின்னஞ்சல்களைத் தேடித் தரும் கருவி ஒன்றை எல்லாருடைய கணினியிலும் ஏற்றித் தந்தவன் அவன்தான். ஏதாவது பிழைத்தால் நான் கணினியை ஏசுவேன். அவன் சிரிப்பான். "அதுக்கு ஏசாத மச்சான். கடைசியா நீ என்னத்த மாத்தின, அதச் சொல்லு" என்பான். எனக்கு எரிச்சலாக இருக்கும். அனேகமாக நான் மாற்றியதுதான் பிழையாகவும் இருக்கும்.

சாரத்தின் நிறம் மாறிப்போன நாள் உங்களுக்கும் நினைவிருக்கும். நிறத்தை மாற்றச் சொல்லி வாங்குபவரிடமிருந்து எனக்கு மின்னஞ்சல் கடிதமே வரவில்லை என்று முதலாளியிடம் சாதித்தேன். ரிபான் ஒரே நிமிடத்தில் கடிதத்தைத் தேடி எடுத்து, எல்லாருக்கும் முன்னால் வாசித்தான். நான் திறந்து பார்த்த கடிதம் அது. பழி நெசவாளர்கள்மேல் விழக் கூடாது என்றுதான் வாசித்தான். எனக்கு அது அன்றைக்கே தெரியும். தெரிந்தும் வேலையை விட்டேன், அவனோடு கதைப்பதையும் விட்டேன்.

போன வருடம் அவன் மக்காவுக்கு, உம்றாவுக்குப் போனான். பயணத்துக்கு முன் வீடு வீடாகப் போய், மனம் நோகச் செய்திருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள், மன்னித்துவிடுங்கள் என்று கேட்பது எங்கள் ஊர் வழக்கம். என் தெருவில் எல்லா வீட்டுக்கும் வந்தவன் என் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. அவனுக்கு எவ்வளவு பெருமை பார் என்று மனைவியிடம் சொன்னேன். அந்தக் கோபத்தை ஒரு வருடம் சோறு போட்டு வளர்த்தேன்.

அவனை அடக்கம் செய்த மையவாடியில் அவனுடைய தம்பி என் கையைப் பிடித்தான். "எங்கட ரிபான் காக்கா உங்களுக்கு எழுதினவர். நீங்க பதில் போடல்லையாம். அதாலதான் வீட்டுக்கு வரப் பயந்தவர்." எனக்கு ஒன்றும் வரவில்லை என்று அல்லாஹ்மேல் ஆணையாகச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும், சட்டைகூட மாற்றாமல், அதை நிரூபிக்க உட்கார்ந்தேன். புதுக் கணினி, போன வாரம்தான் அதே தேடல் கருவியை மூலநிரலிலிருந்து நானே ஏற்றியிருந்தேன். ரிபானின் பெயரைத் தேடினேன். ஒன்றுமில்லை. சண்டைக்கு முன் அவன் எழுதிய கடிதங்கள்கூட இல்லை. நான் ஏற்றியதில்தான் கோளாறு என்று நினைத்தேன். பழைய பதிப்பு எதுவும் குறுக்கே நிற்கிறதா என்று பார்த்தேன். தேடல் அட்டவணையை அழித்து, முதலிலிருந்து கட்டினேன். நெசவு நூல் வியாபாரியின் பழைய கடிதம் வருகிறது, ரிபானுடையது வரவில்லை. கருவியை ஏசினேன். பிறகு வேறு வழியில்லாமல், கடைசியாக நான் என்னத்தை மாற்றினேன் என்று யோசித்தேன்.

பழைய கணினியிலிருந்து அப்படியே கொண்டுவந்த அமைப்புக் கோப்புகளைத் திறந்தேன். ரிபானின் விலாசத்திலிருந்து வரும் எல்லாவற்றுக்கும் 'குப்பை' என்று அடையாளம் இடச் சொல்லி ஒரு வரி இருந்தது. குப்பையைத் தேடலில் காட்டாதே என்று இன்னொரு வரி. வேலையை விட்ட அன்று, ஆத்திரத்தில் என் கையால் எழுதியவை. அடியோடு மறந்துபோயிருந்தேன். கருவி நான் சொன்னபடியே நடந்திருக்கிறது.

இரண்டு வரிகளையும் அழித்து, அட்டவணையை மறுபடி கட்டித் தேடினேன். எல்லாவற்றுக்கும் மேலே, நான் திறக்காத நான்கு கடிதங்கள். கடைசிக் கடிதம் இது: "மச்சான், நாளைக்குப் பயணம். எல்லார்ர வீட்டயும் போய்க் கேட்டுட்டன். உன்ர கேற்றடிக்கு வந்து திரும்பிட்டன். நீ ஓம் எண்டு ஒரு சொல்லு எழுதினா இப்பவே வாறன்."

வாய் விட்டு அழுதேன். சண்டைக்குப் பிறகு அவனிடமிருந்து என்னிடம் இருப்பது இந்த நான்கு கடிதங்கள்தான். நான் அவனைப் பொருந்திக்கொண்டேன், அல்லாஹ் அறிவான். என்னைப் பொருந்திக்கொள் என்று கேட்க அவன் இல்லை.